தேற்றம் உடைய படை
(பிளவுபட்ட சமுதாயங்களில் பாதுகாப்புப் படைகளின் பணியும் அமைப்பும்)

முன்னுரை

நாடாளும் அரசுக்கு இன்றியமையாத உறுப்புகளை எண்ணும்போது வள்ளுவப் பெருந்தகை படையையே முதலில் வைக்கின்றார். பொருட்பாலில் படைமாட்சி, படைச்செருக்கு என இரண்டு அதிகாரங்களை அதற்கெனவே அமைத்துள்ளார். படைக்கு அரணாவது எது என்னும் வினாவுக்கு அவர் தரும் விடை சிந்திக்கத்தக்கது. வீரம், மானம், முன்னோர் சென்ற நன்னெறியில் செல்லுதல் ஆகிய மூன்றனோடு ‘தேற்றம்’ என்னும் நான்காவது பண்பையும் அவர் சேர்க்கின்றார். தேற்றம் என்பதற்கு அரசனால் நம்பித் தெளியப்படுதல் எனப் பரிமேலழகர் பொருள் காண்பர்.

முடியாட்சிக் காலத்துக்கு அவ்வுரை முற்றும் பொருந்தும். மக்களே மன்னராகிய குடியாட்சியிலோ, மக்களால் நம்பப்படுவதே படையின் தேற்றம் ஆகும். ஆனால் அம்மக்களே மதத்தாலும் மொழியாலும் இனத்தாலும் பிளவுபட்டு நின்று, ஒரு சாரார் நம்பும் படையை மறு சாரார் அஞ்சும் நிலை ஏற்பட்டால் அப்படை யாருடையது? அதில் யார் இடம்பெற வேண்டும்? அது எப்பணியைச் செய்ய வேண்டும்? எப்பணியைச் செய்தல் கூடாது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விடை தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திருப்பத்தூரிலிருந்து புறப்பட்டு, ஜவ்வாது மலைத்தொடரை வலப்புறத்தே கண்டவாறு வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகப் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் சென்றால், வேலூர்க் கோட்டையின் அகழி நம்மை எதிர்கொள்ளும். பாடம் அங்கேயே தொடங்குகின்றது.

பிளவும் படையும்

வேற்றுமை வேறு; பிளவு வேறு. பல மொழிகளும் பல சமயங்களும் உள்ள நாடெல்லாம் பிளவுபட்ட நாடு ஆகிவிடாது. ஒருவன் எந்த வீட்டில் பிறந்தான் என்பதைக் கொண்டே அவன் பெறும் உரிமையையும் அவன் கொள்ளும் அச்சத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற நிலை வரும்போதுதான் வேற்றுமை பிளவாக மாறுகின்றது.

அத்தகைய சமுதாயத்தில் மற்ற அரசுத் துறைகளைவிடப் பாதுகாப்புப் படையின் பொறுப்பு மிகப் பெரியது. அஞ்சல் அலுவலகத்தில் ஒரு சாராரே பணியாற்றினால் மற்றவர்க்கு மனக்குறை உண்டாகும். ஆனால் துப்பாக்கி ஏந்தும் உரிமை ஒரு சாராரிடமே இருந்தால் மற்றவர்க்கு உயிரச்சம் உண்டாகும். உயிரச்சம் கொண்டவர்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள ஆயுதம் தேடுவர். அதைக் கண்டு அரசு படையைப் பெருக்கும். படை பெருகப் பெருக அச்சமும் பெருகும். உலகில் நிகழ்ந்த உள்நாட்டுப் போர்கள் பலவற்றின் தொடக்கத்தில் இச்சுழலைக் காணலாம்.

எனவே இருவகை வினாக்கள் எழுகின்றன. படையில் யார் யார் உள்ளனர் என்பது அமைப்பைப் பற்றிய வினா. அப்படை யாருடைய ஆணைக்கு உட்பட்டு எதற்காகப் பயன்படுகின்றது என்பது பணியைப் பற்றிய வினா. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சீர்செய்து மற்றொன்றை விட்டுவிட்டால் பயன் விளையாது. இதனை மெய்ப்பிக்கும் முதற் சான்று வேலூர்.

வேலூர்க் கோட்டை – 1806

1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதியைப் பெற்ற ஆங்கிலக் கம்பெனி, அதனை ஆளுதற்கு அலெக்சாண்டர் ரீடு என்ற படைத்தலைவரையே அனுப்பியது. அவர் திருப்பத்தூரைத் தம் தலைமையிடமாகக் கொண்டு வரி வசூலித்தார். ஆளுவோரும் படைத்தலைவரும் ஒருவராகவே இருந்த காலம் அது. 1799-இல் திப்பு வீழ்ந்தபின் அவர்தம் மக்களும் உறவினரும் வேலூர்க் கோட்டைக்குள் காவலில் வைக்கப்பட்டனர். அக்கோட்டையைக் காத்து நின்றவர்களுள் பெரும்பாலோர் நம் மண்ணின் மக்களே. ஏறத்தாழ 1,500 இந்தியச் சிப்பாய்களும், அவர்களில் நாலில் ஒரு பங்கு அளவினரான 69-ஆம் படைப்பிரிவின் வெள்ளையரும் அங்கே இருந்தனர்.

1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக் புதிய ஒழுங்குமுறைகளை வெளியிட்டார். சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடலாகாது; காதணி அணியலாகாது; தாடி மழிக்கப்பட வேண்டும்; மீசை வரையறுத்த வடிவில் அமைய வேண்டும் என்பன அவற்றுள் சில. தோலால் ஆகிய குஞ்சம் பதித்த புதிய தலைப்பாகையும் புகுத்தப்பட்டது. நெற்றிக் குறியை அழித்தல் இந்துவின் உள்ளத்தைப் புண்படுத்தியது. தாடியை மழித்தல் முஸ்லிமின் உள்ளத்தைப் புண்படுத்தியது. அத்தோல் எந்த விலங்கினுடையதோ என்ற ஐயம் இருவர் உள்ளத்தையும் ஒருசேரப் புண்படுத்தியது. 1806 மே திங்களில் தலைப்பாகையை அணிய மறுத்த சிப்பாய்கள் விசாரிக்கப்பட்டுக் கசையடித் தண்டனை பெற்றனர். தலைமைக் குற்றவாளிகளாக அறிவிக்கப்பட்ட இருவருள் ஒருவர் இந்து, மற்றொருவர் முஸ்லிம்.

கிளர்ச்சி உருவாவதை முஸ்தபா பேக் என்ற சிப்பாய் சூன் திங்களிலேயே மேலதிகாரிக்குத் தெரிவித்தார். அவருடைய சொல் ஏற்கப்படவில்லை. அவரே சிறை வைக்கப்பட்டார். தன் படைவீரனின் குறையைக் கேளாத அரசு, அவன் தந்த எச்சரிக்கையையும் கேட்கவில்லை.

1806 ஜூலை 10 விடியற்காலையில் கோட்டைக்குள் துப்பாக்கிகள் வெடித்தன. கோட்டைத் தலைவர் கர்னல் பேன்கோர்ட் உள்ளிட்ட அதிகாரிகளும், நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளை வீரர்களும் மாண்டனர். மைசூரின் கொடி ஏற்றப்பட்டது. ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லஸ்பி, சில மணி நேரத்தில் கோட்டையை மீட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் அன்று கொல்லப்பட்டனர். பின்னர் விசாரணை நடத்திச் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டனர், சிலரைத் தூக்கிலிட்டனர். கிளர்ந்தெழுந்த மூன்று பட்டாளங்களும் கலைக்கப்பட்டன. திப்புவின் மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். புதிய ஆணைகள் திரும்பப் பெறப்பட்டன. ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் தளபதி கிராடக்கும் இங்கிலாந்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டனர்.

இந்நிகழ்ச்சியைத் தலைப்பாகைக் கலகம் என்பாரும் உண்டு. திப்பு மக்களின் சூழ்ச்சி என்பாரும் உண்டு. முதல் விடுதலைப் போர் எனப் போற்றுவாரும் உண்டு. நம் பொருளுக்கு வேண்டிய உண்மைகள் இரண்டு. முதலாவது: வேலூர்ப் படையில் இந்துவும் முஸ்லிமும் கலந்தே இருந்தனர்; அமைப்பில் குறையில்லை. ஆயினும் அப்படை அவர்களுடையது அன்று. அவர்களுடைய நெற்றியையும் முகத்தையும் அவர்களைக் கேளாமலே மாற்றியமைக்கும் உரிமை வேறொருவரிடம் இருந்தது. படையில் இடம் தந்துவிட்டு மதிப்பைத் தர மறுத்தால் அவ்விடம் வெறும் கூலி வேலையாகிவிடும். இரண்டாவது: கோட்டையை மீட்க வந்த ஆர்க்காட்டுக் குதிரைப்படையிலும் இந்திய வீரர்கள் இருந்தனர். இந்தியரைக் கொண்டே இந்தியரை அடக்கும் முறையை அந்த ஒரே நாளில் காண்கின்றோம்.

பிரித்து நிறுத்திய படை

ஒன்றாக உண்டு, ஒன்றாக உறங்கி, ஒன்றாகக் குறை சொன்ன வீரர்கள் ஒன்றாகவே எழுவர் என்பதை வேலூரும், பின்னர் 1857-ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியும் ஆங்கிலேயருக்கு உணர்த்தின. 1857-க்குப் பின் படையைத் திருத்தியமைக்க ஆராய்ந்த பீல் குழு முதலியோர், பல வகுப்பினரையும் ஒன்றுக்கொன்று எடையாக நிறுத்தும் முறையைப் பரிந்துரைத்தனர். ஒரு வகுப்பினரின் பட்டாளம் எழுந்தால் மற்றொரு வகுப்பினரின் பட்டாளம் தயங்காமல் சுட வேண்டும் என்பதே அன்றைய இந்திய அமைச்சர் சார்லஸ் உட்டின் விருப்பமாகவும் இருந்தது. படையின் அமைப்பைப் பற்றிய அறிவு அவர்களிடம் நிறைந்திருந்தது. அவ்வறிவை அவர்கள் பிளவை வளர்ப்பதற்கே பயன்படுத்தினர்.

இதன் அடுத்த படியாக வந்தது ‘போர்க்குலம்’ என்னும் கொள்கை. சென்னைப் படைக்குத் தலைவராக இருந்து பின்னர் இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியான ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்குத் தகுதியற்றவர் எனக் கருதினார். கம்பெனிக்கு முதன்முதலில் நாடு பிடித்துக் கொடுத்த சென்னைக் காலாட்படை படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 1920-களின் இறுதியில் எஞ்சிய பட்டாளங்களும் கலைக்கப்படலாயின. பாலம் கட்டும் பணிக்கும் பாதை அமைக்கும் பணிக்கும் உரிய சாப்பர்ஸ் பிரிவிலேயே தமிழர்க்கு இடம் நிலைத்தது. இரண்டாம் உலகப்போர் வந்து ஆள் பற்றாக்குறை ஏற்பட்டதும் 1941-இல் சென்னைப் படைப்பிரிவு மீண்டும் எழுப்பப்பட்டது. வேண்டாதபோது கோழையாக இருந்த குலம் வேண்டியபோது வீரக்குலமாயிற்று! வீரம் பிறப்பைச் சார்ந்தது என்னும் கொள்கையின் பொய்ம்மைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இதற்கிடையே பஞ்சாபும் எல்லைப்புறமும் நேபாளமும் படையின் பெரும்பகுதியை நிரப்பின. நாடு பிரிக்கப்பட்டால் இப்படை எவ்வாறு பிரியும், அதன் விளைவு யாது என்பதை அண்ணல் அம்பேத்கர் 1940-இல் வெளிவந்த தம் பாகிஸ்தான் பற்றிய நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அரசமைப்பை எழுதிய பேரறிஞர், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே படையின் அமைப்பை ஒரு தலையாய அரசியற் சிக்கலாகக் கண்டார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

எனினும், பிரித்து நிறுத்தும் சூழ்ச்சி எப்போதும் வெற்றி பெறவில்லை. 1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸ் ஜாலியன்வாலாபாக்கில் டயரின் ஆணைக்குக் கீழ்ப்படிந்து சுட்டவர்கள் இந்தியத் துருப்புகளில் பணியாற்றிய வீரர்களே. ஆனால் 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரில் கிஸ்ஸா கவானிக் கடைவீதியில் வேறொரு காட்சி அரங்கேறியது. அறப்போர் புரிந்த நிராயுதபாணிகளான பட்டாணியர் மீது சுடுமாறு ஆணையிட்டபோது, சந்திரசிங் கட்வாலியும் அவருடன் இருந்த கட்வால் வீரர்களும் சுட மறுத்தனர். முஸ்லிம்களைச் சுட இந்துக்களான கட்வாலியர் தயங்கமாட்டார் என்ற கணக்குப் பொய்த்தது. அதற்காகச் சந்திரசிங் ஆயுள் தண்டனை பெற்றார். சீருடைக்குள் இருக்கும் மனச்சான்றை எந்தப் பட்டியலும் வகைப்படுத்த இயலாது என்பதை அவ்வீரர் காட்டினார்.

விடுதலை இந்தியாவின் முயற்சி

1947-இல் நாட்டைப் போலவே படையும் பிளந்தது. அதுகாறும் படையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினராக இருந்த முஸ்லிம்களுள் பெரும்பாலோர் பாகிஸ்தான் படைக்குச் சென்றனர். செல்லாது நின்றவர்களுள் பிரிகேடியர் முகமது உஸ்மான் குறிப்பிடத்தக்கவர். காஷ்மீரத்தில் நௌஷேராவைக் காத்த அவர், 1948 ஜூலை 3-இல் களத்திலேயே உயிர் நீத்தார். 1965 செப்டம்பரில் அசல் உத்தர் களத்தில் பகைவரின் டாங்கிகளை அழித்து மாண்ட அவில்தார் அப்துல் ஹமீது, பரம்வீர் சக்கரம் பெற்றார். இவ்விருவரையும் நாம் போற்றுகின்றோம். ஆயினும் ஒரு சமுதாயத்தின் நாட்டுப்பற்றுக்குச் சான்றாக அதன் மாவீரர்களின் கல்லறைகளையே மீண்டும் மீண்டும் காட்ட வேண்டிய நிலை நீடிப்பது நலமன்று. உஸ்மானைப் போல் மாண்டவர் எத்தனை பேர் என எண்ணுவதோடு, அவரைப் போல் பணியாற்ற வாய்ப்புப் பெறுவோர் எத்தனை பேர் என்றும் எண்ணுதல் வேண்டும்.

1949 ஜனவரி 15-இல் தலைமைத் தளபதியான கரியப்பா, எல்லா மாநிலத்தாரும் எல்லா வகுப்பாரும் கலந்து பணியாற்றும் கார்ட்ஸ் படைப்பிரிவை அவ்வாண்டிலேயே உருவாக்கினார். சீக்கியர், டோக்ரா, கட்வாலியர் முதலிய பழைய வகுப்புவாரிப் பிரிவுகளும் தம் மரபின் பெயரால் தொடர்ந்தன. நீலகிரியில் வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட சென்னைப் படைப்பிரிவில் தென்னாட்டின் பல மொழியினரும் பல சமயத்தினரும் ஒரே முழக்கத்தோடு நிற்கின்றனர். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை, தலைமுறை தலைமுறையாகப் படைவீரர்களை அனுப்பியதனால் ‘இராணுவப்பேட்டை’ என்றே வழங்கப்படுகின்றது.

வகுப்புவாரிப் பிரிவுகளின் இடர் 1984-இல் வெளிப்பட்டது. அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் படை புகுந்த செய்தி கேட்டு, சீக்கியப் படைப்பிரிவைச் சேர்ந்த வீரர்கள் சில இடங்களில் கிளர்ந்தெழுந்தனர். ஒரே வகுப்பினர் மட்டும் கூடி வாழும் பாசறையில் அவ்வகுப்பின் துயரம் ஒரே நொடியில் அனைவர் நெஞ்சிலும் தீயாய்ப் பரவும். தணிக்கும் சொல் சொல்ல வேற்றுக்குரல் அங்கே இராது. கலந்த அமைப்பின் தேவையை இது வலியுறுத்தியது.

இந்தியப் படை அரசியலில் தலையிடாமல் நிற்பதற்கும், பாகிஸ்தானில் படையே அரசானதற்கும் காரணங்கள் பல. அவற்றுள் அமைப்பும் ஒன்று. பாகிஸ்தானின் மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் வங்காளியர். படையிலோ அவர்கள் மிகச் சிறுபான்மையர், பஞ்சாபியரே பெரும்பான்மையர். 1971 மார்ச்சில் டாக்கா வீதிகளில் இறங்கிய படையை அம்மக்கள் தங்கள் நாட்டுப் படையாகக் காணவில்லை. ஆண்டு முடியுமுன் நாடே இரண்டாயிற்று. ஒரே சமயத்தார் வாழும் நாடாயினும் மொழியின் அடிப்படையில் அமைந்த ஏற்றத்தாழ்வு அதனை உடைத்தது என்பதை நாம் மறத்தலாகாது.

காவல்துறை: அன்றாடம் காணும் அரசு

எல்லையில் நிற்கும் படையைப் பொதுமக்கள் அரிதாகவே காண்பர். அவர்கள் நாள்தோறும் காண்பது காவலரையே. ஏழைக்குக் காவல் நிலையமே அரசு. ஆகவே பிளவின் கூர்மை படையைவிடக் காவல்துறையிலேயே மிகுதியாக உணரப்படும்.

1987 மே 22 அன்று மீரட் நகரின் ஹாஷிம்புராவில் உத்தரப் பிரதேச மாநில ஆயுதக் காவல் படையினர், முஸ்லிம் ஆண்கள் பலரை வண்டியில் ஏற்றிச் சென்று, கால்வாய் ஓரத்தில் சுட்டுக் கொன்றனர். மாண்டோர் ஏறத்தாழ நாற்பதின்மர். விசாரணை நீதிமன்றம் 2015-இல் அனைவரையும் விடுவித்தது. தில்லி உயர் நீதிமன்றம் 2018 அக்டோபர் 31-இல் அத்தீர்ப்பை மாற்றி, 16 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. நீதி கிடைக்க முப்பத்தோராண்டு ஆயிற்று. அதற்குள் ஒரு தலைமுறையின் நம்பிக்கை இறந்தது.

நம் தமிழகமும் இத்துயரத்துக்கு விலக்கன்று. 1997 நவம்பர் 29 அன்று கோவையில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொலை செய்யப்பட்டார். அக்கொடுஞ்செயலைக் கண்டு கொதித்த காவலர்களுள் பலர் பணியை விட்டு வீதிக்கு வந்தனர். தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14-இல் அதே நகரில் தொடர் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டனர். காவலரைக் கொன்றதும் குற்றம். காவலர் கடமை மறந்ததும் குற்றம். ஒன்றுமறியா மக்களைக் குண்டு வைத்துக் கொன்றது பெருங்குற்றம். ஒரு குற்றம் மற்றொன்றை நியாயப்படுத்தாது. ஆனால் காவலர் என்னும் நடுநிலைத் தூண் சாய்ந்த நகரில், கூரை முழுவதும் எவ்வளவு விரைவாகச் சரிந்தது என்பதைச் சிந்திக்க வேண்டும். ஓர் உயிரை இழந்த நேரத்திலும் நடுநிலை பிறழாதிருப்பதே காவலரின் கடமையாகும். அதற்கேற்ற பயிற்சியும் தலைமையும் அவர்களுக்கு வாய்க்க வேண்டும்.

வகுப்புக் கலவரங்களை அடக்குவதற்கென மைய அரசு 1992 அக்டோபரில் விரைவு அதிரடிப் படையை அமைத்தது. மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் பட்டாளங்களிலிருந்து எழுப்பப்பட்ட இப்படையில் பல சமயத்தினரும் பல மாநிலத்தினரும் இடம்பெறுமாறு திட்டமிடப்பட்டது. இதன் பட்டாளங்களுள் ஒன்று இன்று கோவையிலேயே நிலைகொண்டுள்ளது. உள்ளூர்ப் பகையில் ஒரு பக்கம் சாராத முகத்தைக் கலவர வீதியில் காண்பதே மக்களுக்குப் பாதி ஆறுதல்.

தமிழகக் காவலர் தேர்வில் 69 விழுக்காட்டு இடஒதுக்கீடு பின்பற்றப்படுகின்றது. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதி திராவிடர், பழங்குடியினர் ஆகியோர்க்கு உரிய பங்கு அதனால் கிடைக்கின்றது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு 2007 முதல் உள்ஒதுக்கீடாக வழங்கப்படுகின்றது. 1992-இல் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையங்களும் இவ்வகையில் எண்ணத்தக்கவை. கணவன் அடித்ததைச் சொல்லக் கூசிய பெண், மற்றொரு பெண்ணிடம் சொல்ல முன்வந்தாள். அமைப்பு மாறியதும் அதுவரை வெளிவராத வழக்குகள் வெளிவந்தன.

இலங்கை தரும் எச்சரிக்கை

பாக் நீரிணைக்கு அப்பால் நிகழ்ந்தது நமக்கு அணித்தான எச்சரிக்கை. 1949-இல் உருவான இலங்கைத் தரைப்படையின் முதல் இலங்கைத் தளபதியாக 1955-இல் பொறுப்பேற்ற அன்ரன் முத்துக்குமாரு ஒரு தமிழர். அன்று அது வியப்பாகக் கருதப்படவில்லை. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்தது. 1962-இல் அரசைக் கவிழ்க்க முயன்றதாகப் படை, காவல்துறை அதிகாரிகள் பலர் கைது செய்யப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் கிறித்தவர். அதன்பின் படையில் பெரும்பான்மைச் சமயத்தாரையும் மொழியினரையும் சேர்ப்பது மிகுந்தது. தமிழர் தொகை சுருங்கியது.

1981-இல் மே முடிந்து சூன் பிறந்த இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, நகரைக் காக்க வந்த காவலர்மீதே பழி விழுந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983 ஜூலை 23-இல் 13 சிப்பாய்கள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து கொழும்பு முதலிய இடங்களில் தமிழர் வேட்டையாடப்பட்டபோது, சீருடை அணிந்தோர் பலவிடங்களில் தடுக்காது நின்றனர். வெலிக்கடைச் சிறையில் அரசின் காவலில் இருந்த 53 தமிழர் கொல்லப்பட்டனர். நம்மைக் காக்க நமக்கென ஒரு படை வேண்டும் என்னும் எண்ணம் இளைஞர் நெஞ்சில் வேரூன்றியது இந்த நெருப்பில்தான்.

ஆனால் தமக்கென எழுந்த படையும் தன் நிலத்தில் வாழ்ந்த சிறுபான்மையரைக் காத்ததா? 1990 ஆகஸ்டு 3-இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் சுடப்பட்டனர். அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். தமிழையே தாய்மொழியாகக் கொண்ட அம்மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு புத்தளத்துக்கு நடந்தனர். ஓர் இனத்தின் துப்பாக்கிக்கு மறுமொழியாக மற்றோர் இனத்தின் துப்பாக்கி எழுந்தால், மூன்றாமவர்க்கு நிழல் இல்லை என்பதே இது கற்பிக்கும் பாடம்.

1987-இல் வந்த பதின்மூன்றாம் அரசமைப்புத் திருத்தம் மாகாணங்களுக்குக் காவல்துறை அதிகாரம் வழங்கியது. ஆயினும் அது நடைமுறைக்கு வரவில்லை. 2009-இல் போர் முடிந்தபின் அரசே அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு, தமிழ் பேசும் அலுவலர் எல்லாக் காவல் நிலையங்களிலும் இருத்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. தன் முறையீட்டைத் தன் மொழியில் சொல்ல வழியின்றித் தனக்குப் புரியாத மொழியில் எழுதிய தாளில் கையொப்பமிடும் ஒருவன், அந்நிலையத்தைத் தன் நிலையமாக எங்ஙனம் கருதுவான்?

திருந்திய நாடுகள்

நம்பிக்கை தரும் காட்சிகளும் உலகில் உண்டு. வட அயர்லாந்தின் பழைய காவல்படை 1922-இல் தோன்றியது. அந்நாட்டு மக்களுள் நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் கத்தோலிக்கர். ஆனால் 1990-களின் இறுதியில் காவலருள் அவர்கள் நூற்றுக்கு எண்மர் அளவினரே. 1998 உடன்படிக்கைக்குப் பின் அமைந்த பேட்டன் ஆணையம் 1999-இல் தன் பரிந்துரைகளை அளித்தது. 2001 நவம்பரில் படையின் பெயர் மாறியது, சின்னம் மாறியது. புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது பாதி கத்தோலிக்கர், பாதி ஏனையோர் என்னும் முறை பத்தாண்டுகள் பின்பற்றப்பட்டது. 2011-இல் அம்முறை நீங்கியபோது கத்தோலிக்கர் ஏறத்தாழ முப்பது விழுக்காடாக உயர்ந்திருந்தனர். எண்ணிக்கையோடு சின்னத்தையும் மாற்றினர் என்பது கருதத்தக்கது. வேலூரில் தலைப்பாகை செய்த தீமையை அங்கே புதிய சின்னம் நன்மையாக மாற்றியது எனலாம்.

ஆப்பிரிக்காவில் புருண்டி நாட்டுப் படை நெடுங்காலம் சிறுபான்மையரான துட்சி இனத்தார் கையில் இருந்தது. 2000-இல் அருஷாவில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, படையில் எந்த இனத்தாரும் பாதிக்கு மேல் இருத்தலாகாது என விதிக்கப்பட்டது. லெபனானில் 1975-இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் சமயவாரியாகச் சிதறிய படையை, போர் முடிந்தபின் கலந்த பிரிவுகளாக மீண்டும் கட்டினர். இந்நாடுகளின் எல்லா நோய்களும் இதனால் தீர்ந்தன எனல் மிகை. எனினும் படையின் அமைப்பைப் பேசாமல் அமைதியைப் பேச இயலாது என்பதை இவை ஒப்புக்கொண்டன.

இஸ்லாமிய வரலாற்றிலும் இக்கருத்துக்கு இடம் உண்டு. கி.பி. 622-இல் மதீனா சென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்நகரின் பல குலத்தாரோடும் யூதரோடும் செய்துகொண்ட உடன்படிக்கையில், நகரம் தாக்கப்பட்டால் அனைவரும் சேர்ந்து காத்தல் வேண்டும் என்னும் கடப்பாடு இடம்பெற்றது. அவரவர் சமயம் அவரவர்க்கு. நகரின் காவல் எல்லார்க்கும் பொது என்பது அதன் சாரம்.

மலையிலிருந்து நோக்கினால்

இப்பொருளை நூலறிவாக மட்டும் கொள்ளாதிருக்க நம் ஜவ்வாது மலை நமக்கு உதவும். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலக் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் 20 தமிழ்த் தொழிலாளர் மாண்டனர். அவர்களுள் ஜவ்வாது மலைவாழ் மக்களும் இருந்தனர். தற்காப்புக்காகச் சுட்டதாகப் படையினர் கூறினர். பிடித்துச் சென்று சுட்டதாக உறவினரும் மனித உரிமை அமைப்பினரும் குற்றஞ்சாட்டினர். மரம் வெட்டியது குற்றமெனில் அதற்கு நீதிமன்றம் உண்டு. கூலிக்கு அழைத்துச் சென்றவன் தப்பிவிட, கோடரி பிடித்தவன் மாண்டான். மொழி வேறு, மாநிலம் வேறு, மலையின் வறுமை எத்தகையது என அறியாத கண்கள். அக்கண்களுக்கு அவர்கள் மனிதராகத் தோன்றுமுன் பகைவராகத் தோன்றினர்.

புதூர்நாட்டிலிருந்தும் நெல்லிவாசலிலிருந்தும் வரும் இளைஞர் ஒருவர் வனக்காவலராகவோ காவலராகவோ பணியேற்றால், மலைமக்கள் காக்கிச் சட்டையைக் கண்டு காட்டுக்குள் ஓட வேண்டியதில்லை. மலையின் வழியும் மொழியும் மானமும் அறிந்த ஒருவர் அங்கே நிற்பார். பழங்குடியினர்க்கு உரிய ஒரு விழுக்காடு என்பது வெறும் எண் அன்று. அது இவ்வகையில் ஓர் உயிர்க்காப்பு.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துரைப்போம். பிளவுபட்ட சமுதாயத்தில் படை எல்லாப் பிரிவினரையும் தன்னுள் கொண்டிருத்தல் வேண்டும். ஆனால் ஆள்சேர்ப்பு மட்டும் போதாது. சேர்ந்தவர் தம் சமயக் கடமையும் மானமும் காத்துப் பணியாற்ற இடம் வேண்டும். உயர்பதவிக்குச் செல்லும் படிக்கட்டு அவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். மக்களின் மொழியில் படை பேச வேண்டும். எல்லைப் படையை உள்நாட்டுப் பூசலுக்கு அழைக்கும் வழக்கம் அருக வேண்டும். போர்வீரன் பகைவனைத் தேடப் பழகியவன், காவலனோ குடிமக்களிடையே வாழப் பழகியவன். தவறிழைத்த சீருடையை நீதிமன்றம் காலந்தாழ்த்தாது தண்டித்தல் வேண்டும்.

இவையெல்லாம் அரசின் கடமைகள். மக்களாகிய நமக்கும் கடமை உண்டு. நம்மவர் காவல்துறையில் இல்லையே எனக் குறைகூறும் இல்லங்களிலேயே, மகன் காவலர் தேர்வெழுத விரும்பினால் ‘அது நமக்கு ஒத்துவராது’ எனத் தடுப்பதும் நிகழ்கின்றது. அச்சத்தால் விலகி நின்றால் இடம் வெறுமையாகும். வெற்றிடத்தைக் கண்டு அச்சம் மேலும் வளரும். தகுதியுடைய இளைஞரும் நங்கையரும் தேர்வெழுதி, ஓடிப் பயின்று, உரிய இடத்தைப் பெறுதல் வேண்டும். பெற்றபின் தம் சமுதாயத்தாருக்கு மட்டும் காவலராக இராமல் அனைவர்க்கும் காவலராக இருத்தல் வேண்டும். சலுகை தேடி வரும் உறவினரிடம் சட்டத்தைக் காட்டும்போதுதான் அவர் அனைவராலும் நம்பப்படுவார்.

வேலூர் மக்கான் சந்திப்பில் நிற்கும் நினைவுத்தூண், 1806-இல் ஒரே கோட்டைக்குள் ஒன்றாக மாண்ட இந்து, முஸ்லிம் வீரர்களை நினைவூட்டுகின்றது. அவர்கள் அணிந்திருந்த சீருடை அந்நியருடையது. இன்று நம் இளைஞர் அணியும் சீருடை நம்முடையது. அதைக் காணும் ஒவ்வொரு குடிமகனும், அவன் எச்சமயத்தவனாயினும், எம்மொழியினனாயினும், மலையில் வாழ்பவனாயினும், அச்சமின்றி அருகில் சென்று தன் குறையைச் சொல்லும் நாளில், வள்ளுவர் கூறிய தேற்றம் நம் படைக்கு முழுமையாக வாய்த்தது எனலாம்.